படிக்க முடியாத நோட்டு

மலர்க் குழுவிலிருந்து சீனியர் ஒருவர் போன் செய்தார். "சுரங்க ரயிலுக்காக மண்ணுக்கடியில வேலை பாத்தியேப்பா, அந்த அனுபவத்தை எழுதிக் கொடு. படிக்கிற பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். "சரி சார்" என்று சொல்லிவிட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். மண் பரிசோதனை அட்டவணையைத் தாண்டிக் கட்டுரை நகரவில்லை. தவிர, அந்த விஷயத்தை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் என் பேட்சிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். எனவே சீனியர் மன்னிக்க வேண்டும். நான் எழுதியிருப்பது ஓர் ஓவியரைப் பற்றி. பெயர் கே.சி.எஸ். பணிக்கர். கிண்டிக்காரனுக்கும் ஓவியனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

2010இல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெயரை முதலில் கேட்டேன். என் ரூம்மேட் படம் வரைவான். கோயம்புத்தூர்ப் பையன், அம்மா வழியில் பாலக்காடு. மெஸ் பில் ரசீதின் பின்பக்கம்கூடக் காலியாக இருக்காது. ஒரு சனிக்கிழமை மகாபலிபுரம் போவதாகச் சொல்லிக் கூட்டிப் போனவன், பாதி வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டான். "சோழமண்டலம்னு ஒரு இடம் மச்சான், பத்து நிமிஷம்" என்றான். உள்ளே ஒரு மியூசியம். முந்தின வருஷம்தான் திறந்திருந்தார்கள். ஏ.சி. இருந்ததால் நானும் போனேன், உண்மையைச் சொல்வதானால்.

ஒரு படத்தின் முன்னால் அவன் நின்றுவிட்டான். வெளிறிய, பழைய ஏட்டின் நிறம். மேலிருந்து கீழாக வரி வரியாகப் பொடி எழுத்து. ஓரத்தில் கட்டங்கள். நடுவே ஒரு வட்டம், அதைக் குறுக்கே வெட்டும் கோடுகள். மீன் மாதிரி ஒன்று, பறவை மாதிரி ஒன்று. நான் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "மச்சான், இது நம்ம லெவல் புக்குடா. சர்வே கேம்ப்ல மழையில நனைஞ்சுதே, அது."

சிவில் படித்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்ற பிரிவுக்காரர்களுக்காக: லெவல் புக் என்பது மட்டம் எடுக்கும்போது கையில் வைத்திருக்கும் சின்ன நோட்டு. பின்பார்வை, இடைப்பார்வை, முன்பார்வை என்று பத்தி பத்தியாக எண்கள், ஓரத்தில் ஒரு கிறுக்கல் படம், "ஆலமரத்தடி", "கல்வெட்டு மேல்" என்று குறிப்பு. எழுதியவனுக்கு அது ஒரு ஊரின் மேடு பள்ளம். மற்றவர்களுக்கு வெறும் கிறுக்கல்.

ரூம்மேட்டுக்கு மலையாளம் படிக்க வரும். படத்திலிருந்த எழுத்து மலையாளம் போல இருக்கிறதே என்று மூக்கை ஒட்டிக்கொண்டு வாசிக்கப் பார்த்தான். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. 'க' போலத் தொடங்கியது வேறெதுவாகவோ முடிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னான்: "நீ கிண்டலுக்குச் சொன்னே. ஆனா அந்தாளு ஆரம்பிச்சதே கணக்கு நோட்டுலேர்ந்துதான்."

அது எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சென்னையில் பெரியமேடு பக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சிவப்புக் கட்டடங்களோடு இருக்கிறதே கவின் கலைக் கல்லூரி, அதை 1850இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற ராணுவ டாக்டர் ஆரம்பித்தார். ஆரம்பத்தில் அது ஓவியனை உண்டாக்குவதற்கான இடமாக இல்லை. தச்சு, உலோகம், மண்பாண்டம், அச்சுக்கட்டை என்று கைத்தொழில்தான் பிரதானம். வெள்ளைக்காரனுக்கு வேண்டிய சாமான்களை நம் கைவினைஞர்களை வைத்துச் செய்து விற்பது ஒரு பக்கம். ஐரோப்பிய முறையில் பார்த்து வரையும் பயிற்சி இன்னொரு பக்கம்.

இங்கேதான் நான் சொன்ன சம்பந்தம் வருகிறது. 1890களின் கடைசியில் அந்தக் கலைப்பள்ளியின் பொறுப்பைக் கவனித்தவர் ஆல்ஃப்ரட் சாட்டர்டன். அவர் நம் கல்லூரிப் பேராசிரியர்! அப்போது நாம் கிண்டிக்கு வரவில்லை, 1920இல்தான் வந்தோம். 1898இல் சாட்டர்டன் கலைப்பள்ளிப் பட்டறையில் அலுமினியப் பாத்திரம் அடிக்க ஆரம்பித்தார். இந்தியச் சமையலறைக்கு அலுமினியம் வந்த கதையில் அது முக்கியமான அத்தியாயம். வியாபாரம் சூடுபிடித்ததும் அது தனியார் கம்பெனியின் கைக்குப் போனது. ஒரு என்ஜினீயர் ஓவியப் பள்ளிக்குப் போய்க் குண்டான் செய்தார் என்று சிரிக்கலாம். ஆனால் பட்டறைச் சத்தம் கேட்கிற ஒரு கலைப்பள்ளி என்பது பிற்பாடு பணிக்கருக்கு எவ்வளவு உபயோகப்பட்டது என்பதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

சாட்டர்டனுக்கு முன்பு 1884 முதல் அங்கே தலைவராக இருந்தவர் ஈ.பி. ஹேவெல். 1896இல் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே அபனீந்திரநாத் தாகூரோடு சேர்ந்து, ஐரோப்பாவைப் பார்த்து வரைந்தது போதும், அஜந்தாவையும் மொகலாயச் சிற்றோவியத்தையும் பாருங்கள் என்று ஒரு பெரிய திருப்பத்தை உண்டாக்கினார். ராஜா ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியத்தில் மயங்கிக் கிடந்த தேசத்துக்கு அது மாற்று மருந்து. அந்த மருந்து சுற்றிக்கொண்டு சென்னைக்கே வந்தது. அபனீந்திரநாத்தின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னைப் பள்ளியின் தலைவரானார், இந்தியர்களில் முதல் ஆளாக. மெரினாவில் பாறையை நெம்பித் தள்ளுகிறார்களே நாலு உழைப்பாளிகள், அந்தச் சிலை இவர் செய்தது. அதே கடற்கரையின் காந்தி சிலையும் இவருடையதுதான். இரண்டையும் பார்த்தால் தெரியும்: வங்காளத்தில் படித்தவர், கை மட்டும் ஐரோப்பியச் சிற்பியின் கை.

இவரிடம்தான் 1936இல் பணிக்கர் மாணவராகச் சேர்ந்தார். வயது 25. மற்றவர்கள் படித்து முடிக்கும் வயது! பிறந்தது 1911 மே மாதம், கோயம்புத்தூரில். சொந்த ஊர் மலபாரில் பொன்னானிப் பக்கம் வெளியங்கோடு. அன்றைக்கு மலபாரும் சென்னை ராஜதானிதான். சின்ன வயதிலிருந்தே நீர்வண்ணத்தில் தென்னந்தோப்பும் காயலுமாக வரைந்து தள்ளியவர். 1940இல் படிப்பை முடித்து, அடுத்த ஆண்டே அங்கேயே ஆசிரியரானார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம் என்று ஒன்றைச் சென்னையில் தொடங்கினார். 1957இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவருடைய ஆரம்ப கால நீர்வண்ணங்களைப் பற்றி என் அபிப்பிராயம்: அழகு, சந்தேகமில்லை. ஆனால் கெட்டிக்கார இங்கிலீஷ்காரன் ஒருவன் மலபாருக்கு வந்து வரைந்திருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் வரைந்திருப்பான். அது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஐம்பதுகளில் அதை விட்டுவிட்டு வேறு மாதிரி வரைய ஆரம்பித்தார். மரத்தடியில், தோட்டத்தில், கூட்டமாக மனிதர்கள். வான்கோவின் தூரிகைத் தீற்றலும், கோகேனின் நிறமும் உள்ளே வருகின்றன. அதே சமயம் முகங்களிலும் கைகளிலும் நம் சுவரோவியங்களின் கோடு. 'தோட்டம்' வரிசை என்று இதைச் சொல்வார்கள். இந்தப் படங்களில் ஒரு கதகதப்பு உண்டு. முன்னால் நின்றால் மத்தியான வெயிலில் மாமரத்து நிழலுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

இதோடு அவர் நிறுத்தியிருந்தால் நல்ல ஓவியர் என்று பெயர் வாங்கியிருப்பார். கிழக்கையும் மேற்கையும் கலந்தார் என்று பாராட்டுப் பத்திரமும் கிடைத்திருக்கும். ஆனால் 1954இல் லண்டனிலும் பாரிஸிலும் அவருடைய படங்கள் கண்காட்சிக்குப் போயின. அவரும் போனார். அங்கே நவீன ஓவியத்தையும் அரூப ஓவியத்தையும் நேரிலேயே பார்த்தார். அதற்கப்புறம் வந்த வருஷங்களில் அவரை ஒரு கேள்வி விடாமல் அரித்தது. பாரிஸ்காரர்களின் வழியில் நாம் வரைந்தால் அது இரண்டாம் கை. அஜந்தாவின் வழியில் வரைந்தால் அதுவும் இரண்டாம் கைதான், என்ன, தாத்தாவின் கை. இரண்டையும் பாதிப் பாதி கலந்தால்? கலவைதான் மிஞ்சும்.

நம் ஆட்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. டிமோஷென்கோவின் புத்தகத்தில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படித்துவிட்டு, ஊரில் கொத்தனார் ஒருவர் கயிறும் குண்டும் வைத்துக் கட்டின வளைவு நூறு வருஷமாக நிற்பதைப் பார்த்து வாயடைத்துப் போனவர்கள்தானே நாம்? இரண்டும் நம் தலைக்குள் இருக்கிறது. ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

பணிக்கருக்கு 1963இல் ஒரு வழி கிடைத்தது. மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டைப் பார்த்ததுதான் பொறி என்று சொல்வார்கள். இயற்கணிதச் சூத்திரம், ஜியோமிதிப் படம், எண்கள், ரோமன் எழுத்துகள் எல்லாம் ஒரு பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. கணக்கு விடை என்ன என்பதை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை வெறும் படமாகப் பார்த்திருக்கிறார். கைக்குத் தகுந்த சாய்வு, அடித்தல் திருத்தல், இடம் போதாமல் ஓரத்தில் ஏறிய வரி. அது ஒரு படம்தான்! அப்படியே அவருடைய திரைச்சீலையில் சூத்திரங்களும் எண்களும் ரோமன் எழுத்தும் ஏறின. 'சொற்களும் குறியீடுகளும்' என்று அந்த வரிசைக்குப் பெயர் வைத்தார்.

முக்கியமான காரியம் அதற்கடுத்ததுதான். கொஞ்ச நாளில் எண்களையும் ரோமன் எழுத்தையும் எடுத்துவிட்டு மலையாள எழுத்தின் சாயலைக் கொண்டுவந்தார். கணக்குச் சூத்திரத்தின் இடத்தில் ஜாதகக் கட்டம் வந்து உட்கார்ந்தது. ஜியோமிதி வட்டம் யந்திரத் தகடு மாதிரி ஆனது. கோடு போட்ட பத்திகள் பஞ்சாங்கப் பக்கம் போல ஆயின. பாம்பு, மீன், பறவை, கிராமத்துக் கோயில் சுவரில் கிறுக்கியது மாதிரி ஓரங்களில் வந்தன. இதில் எதையும் வாசிக்கக் கூடாது, வாசிக்க முயல்வதே அபத்தம் என்பதையும் அவரே தெளிவாகச் சொல்லிவிட்டார். எழுத்துக்கும் கட்டத்துக்கும் கண்ணுக்குத் தெரிகிற உருவத்தைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது என்பது அவர் கட்சி. என் ரூம்மேட் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தது வீண் என்பது இப்போது புரிந்திருக்கும்.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், அவர் இந்தியத்தன்மையைத் தேடி அரண்மனைக்கோ குகைக்கோ போகவில்லை. ராதையும் சகுந்தலையும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தகர டப்பாவுக்குள் மஞ்சள் தடவி வைத்திருக்கிற நோட்டுப் போதுமானதாக இருந்தது. அதைப் பார்க்கிற கண்ணோ பால் க்ளேயையும் பாரிஸையும் பார்த்துத் தேறிய கண். விஷயம் இங்கேயிருந்து, பார்வை அங்கேயிருந்து என்று பிரித்துச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் வரி வரியாக இலக்கமும் உருவமும் எழுதிப் பக்கத்தை நிரப்புகிற பழக்கம் நம் சுவடிக்காரர்களுடையது.

1963 தொடங்கி 1977 வரை, 14 வருஷம் இதையே வரைந்தார். எல்லாமே ஒசத்தி என்று நான் சொல்ல மாட்டேன். சில படங்களில் கை பழகிப்போய்ப் பக்கத்தை ரொப்பின மாதிரி இருக்கிறது. எழுபதுகளில் தாந்திரிக ஓவியம் என்றொரு அலை வந்து, வட்டமும் முக்கோணமும் போட்டவர்களை எல்லாம் ஒரே கூடையில் போட்டபோது இவரையும் அதில் சேர்த்தார்கள். மந்திரம் தந்திரம் எதுவும் இல்லை என்று சொன்ன மனிதரை அங்கே வைத்தது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

இனி சோழமண்டலம். இதில் என்ஜினீயர்களுக்கு ரசமான சமாசாரம் உண்டு.

பள்ளித் தலைவராக இருந்த பணிக்கருக்குக் கண்ணெதிரே ஒரு பிரச்சினை. ஆறு வருஷம் ஓவியம் படித்துவிட்டு வெளியே போகிற பையன் என்ன செய்வான்? சென்னையில் அறுபதுகளில் படம் வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விளம்பர போர்டு, சினிமா செட், பள்ளிக்கூட டிராயிங் வாத்தியார், துணி டிசைன், இவ்வளவுதான் வழி. இரண்டு வருஷத்தில் வரைவதே நின்றுபோகும். அரசாங்கத்துக்கு மனுப் போட்டுக் காத்திருக்கலாம். அவர் பட்டறைப் பக்கம் திரும்பினார். கைவினை செய்து பிழைப்போம், பிழைத்துக்கொண்டு வரைவோம் என்று. அதற்கு அவர்கள் பெரிதும் நம்பியது பாட்டிக்.

பாட்டிக் பார்த்திருப்பீர்கள், செய்முறை பார்த்திருக்க மாட்டீர்கள். துணியில் எங்கே சாயம் ஏறக்கூடாதோ அங்கே உருக்கின மெழுகைத் தடவ வேண்டும். தேன்மெழுகு நன்றாக வளையும், ஒட்டிக்கொள்ளும். பாரஃபின் மெழுகு நொறுங்கும். இரண்டையும் எந்த விகிதத்தில் கலக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். பாரஃபின் அதிகமானால், துணியைக் கசக்கும்போது மெழுகு விரிசல் விடும். அந்த விரிசல் வழியே சாயம் கசிந்து நரம்பு நரம்பாகக் கோடு விழும். பாட்டிக்கின் அழகே அந்த விரிசல்தான். நம் தொழிலில் கான்கிரீட்டில் விரிசல் விழுந்தால் நோட்டீஸ் வரும், அங்கே அதற்குக் காசு கொடுக்கிறார்கள்! சாயத்தொட்டி குளிர்ந்திருக்க வேண்டும், சூடானால் மெழுகு இளகிவிடும். வெளிர் நிறத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக அடர்த்தியான நிறத்துக்குப் போக வேண்டும், பின்வாங்க முடியாது. கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுக்க வேண்டும். ஓவியர்கள் செய்ததால் அந்தத் துணிகளுக்கு நல்ல கிராக்கி. விற்ற காசைப் பொதுவில் சேர்த்தார்கள்.

அந்தக் காசில்தான் 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரம் எட்டுப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். ஈ.சி.ஆர். என்ற பேச்சே இல்லாத காலம். சவுக்கு, மணல், மீனவர் குப்பம். சுமார் முப்பது ஓவியர்களும் சிற்பிகளும் குடிசை போட்டார்கள். காலையில் சில மணி நேரம் கைவினை, மீதி நேரம் சொந்த வேலை. அடுத்த வருஷம் பதவியிலிருந்து ஓய்வு பெற்றதும் பணிக்கர் தன் நேரம் முழுவதையும் அங்கேயே செலவிட்டார். சுல்தான் அலி, விஸ்வநாதன், வாசுதேவ், ஹரிதாசன், கோபிநாத், சேனாதிபதி, பணிக்கரின் மகன் நந்தகோபால் என்று பட்டியல் நீளும். நந்தகோபால் தாமிரத்தையும் பித்தளையையும் தகடாக அடித்துப் பற்றவைத்துச் செய்த சிற்பங்களைப் பார்த்தால், கலைப்பள்ளியின் பட்டறைச் சத்தம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும். சோழமண்டலத்துக்குப் போகாமல் அதே காற்றைச் சுவாசித்தவர்களும் உண்டு. தமிழ்ப் புத்தக அட்டைகளிலும் பத்திரிகைகளிலும் கோட்டோவியமாக நாம் பார்த்துப் பழகிய ஆதிமூலம், பணிக்கர் தலைவராக இருந்தபோது அங்கே படித்தவர்.

எல்லாமே வெற்றிக் கதையாகச் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. ராமானுஜம் என்றொருவர் இருந்தார். பேச்சு சரியாக வராது. பள்ளிப் படிப்பும் ஏறவில்லை. பேனா மையில் கனவு மாதிரி கோபுரங்களும், பறக்கிற பிராணிகளும், நடுவே தொப்பி போட்ட தன்னையே ராஜா மாதிரியும் வரைவார். பணிக்கர்தான் அவரைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டு ஆதரித்தார், சோழமண்டலத்துக்கும் கூட்டிப் போனார். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, அங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நிலமும் சோறும் சக ஓவியர்களும் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அவருடைய படங்களை அந்த மியூசியத்தில் பார்க்கும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்.

பணிக்கர் 1977 ஜனவரியில் சென்னையில் காலமானார். அதற்கு முந்தைய வருஷம் லலித் கலா அகாடமி அவரை ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்திருந்தது. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரில் ஒரு தனிக் காட்சிக்கூடம் இருக்கிறது.

இரண்டாம் தடவை நான் சோழமண்டலம் போனது 2016இல், அப்பாவுடன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

அப்பா புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர். சாயங்காலத்தில் ஜாதகம் எழுதுவார். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளின் ஜாதகம் அவர் கையெழுத்து. கண் ஆபரேஷனுக்காகச் சென்னை வந்தவர், பத்து நாள் கழித்துக் கறுப்புக் கண்ணாடி கழட்டியதும், எங்கேயாவது வெளியில கூட்டிட்டுப் போ என்றார். எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது.

முன்னால் நின்று வெகு நேரம் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, தொடாமல், கட்டத்தை எண்ணினார். நம் பக்கத்து ராசிக் கட்டம் தெரியும்தானே: நாலுக்கு நாலு, நடு நாலைக் கழித்தால் 12. "கட்டமாட்டம்தான் இருக்கு. ஆனா கிரகம் உக்காரலையே" என்றார். அப்புறம், "லக்கினமே போடாம எழுதியிருக்காரு."

"அது ஜாதகம் இல்லப்பா, படம். வாசிக்கிறதுக்கு இல்ல" என்று, பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரி விளக்கினேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "யாருக்கும் பலன் சொல்ல வேண்டியதில்லேன்னா, எழுதறது நல்லாத்தான் இருக்கும் தம்பி" என்றார்.

என் அக்காவுக்குச் செவ்வாய் தோஷம். எழுதியவர் அப்பாதான். பெண் பார்க்க வந்த ஒவ்வொரு இடமும் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஆறு வருஷம். கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அம்மா அதைக் கேட்டே விட்டாள், அழுதுகொண்டு. அவர் மாற்றவில்லை. ஒரு புள்ளியைக்கூட. அக்காவுக்குக் கல்யாணம் ஆனது, இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த ஆறு வருஷத்தைப் பற்றி அப்பா அதற்கு முன்னும் பின்னும் என்னிடம் பேசியதே இல்லை. பேசியது என்றால் அந்தப் படத்தின் முன்னால் சொன்ன அந்த ஒரு வரிதான்.

பணிக்கரின் படத்தை நவீன ஓவியம் தெரிந்தவர்கள் எப்படியெப்படியோ விளக்கியிருக்கிறார்கள், நானும் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். கட்டத்தை விட்டுவைத்து அதிலிருந்து தீர்ப்பை மட்டும் எடுத்துவிட்டார் என்று நான் புரிந்துகொண்டது அப்பாவால்தான். அர்த்தம் போன பிறகு கோடு, சுழி, கையின் அழுத்தம் எல்லாம் மிச்சம் இருக்கிறது, அதைப் பயமில்லாமல் பார்க்க முடிகிறது. கணக்கு நோட்டிலும் அதையேதான் செய்திருக்கிறார். அதில் பாஸா பெயிலா என்ற கேள்வி போய்விடுகிறது. எம்-டூவில் இரண்டு தடவை அரியர் வைத்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை என் செட் நண்பர்கள் அறிவார்கள்!

அப்பா 2021இல் தவறிவிட்டார். அவருடைய நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டியில் என்னிடம் இருக்கின்றன. நீள நோட்டு, காக்கி அட்டை. சூ, சந், செ, பு என்று கிரகங்கள். 'கர்ப்பச்செல் போக இருப்பு' என்று தசைக் கணக்கு. பாதிக்கு மேல் அவருக்கு மட்டுமே புரிந்த சுருக்கெழுத்து, எனக்கு விளங்கவில்லை. சில ராத்திரி என் பெண் அதை எடுத்துப் புரட்டுவாள். ஐந்து வயது. எழுத்தே இன்னும் முழுசாகத் தெரியாது. போன மாதம் ஒரு பக்கத்தைக் காட்டி, "இந்த டிராயிங் தாத்தா வரைஞ்சதா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ரீயூனியன் மறுநாள் காலை எல்லோரும் சும்மாதான் இருப்போம். கிண்டியிலிருந்து ஈஞ்சம்பாக்கம் அப்படியொன்றும் தூரமில்லை. வேன் ஒன்று பேசி வைக்கலாம் என்று இருக்கிறேன். குறைந்தது பத்துப் பேராவது சேர்ந்தால்தான் கட்டுபடியாகும். வர விருப்பமுள்ளவர்கள் பதிவு மேஜையில் பெயர் கொடுத்துவிடுங்கள். ரூம்மேட் வருவதாகச் சொல்லியிருக்கிறான். மலையாளம் தெரிந்தவர்கள் தாராளமாக வரலாம், வாசித்துத்தான் பாருங்களேன்.